வியாழக்கிழமைப் பனி

தவசிமேட்டில் பனி பெய்ததைக் கீழ்நாட்டில் பெரிய அதிசயமாகப் பேசிக்கொள்கிறார்கள். தவசிமேட்டுக்காரர்களைக் கேட்டால் அதில் என்ன அதிசயம் என்பார்கள். மலைமேல் ஆனைவாய் ஏரிக்குப் பக்கத்தில் சொகுசு விடுதி கட்டியவன், படகு விடுவதற்காக ஓடையை மறித்து ஏரியைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்துக்கொண்டு, ஊருக்கு வருகிற வாய்க்காலை ஓணான் ஓடுகிற தடமாக ஆக்கிவிட்டான் என்றால், தண்ணீர் பாவம் வேறு எந்த வழியாகத்தான் வரும்? அது மேலே போய், மேலேயிருந்து வந்தது. வெள்ளையாக வந்தது. ஆனால் முறை தவறாமல் வந்தது, அதைச் சொல்லுங்கள் என்பார்கள்.

முறை என்றால் தண்ணீர் முறை. தவசிமேட்டில் மொத்தமே ஆறு வீடு, ஆறு பூண்டுக்காடு. திங்கட்கிழமைத் தண்ணீர் சடையாண்டி வீட்டுக்கு, செவ்வாய் டீக்கடைக்காரன் காமாட்சிக்கு என்று சனிக்கிழமை வரைக்கும் வீட்டுக்கு ஒரு நாள். அந்த முறைப்படியே பனியும் வந்தது. கார்த்திகை மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் சடையாண்டியின் காட்டில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது, வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை. சடையாண்டி வந்து பார்த்தார், காலால் எத்திப் பார்த்தார், வாயில் போட்டுப் பார்த்தார், "தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனார். மத்தியானத்துக்குள் உருகி மண்ணில் இறங்கிவிட்டது. மறுநாள் காமாட்சிக்கு. வியாழக்கிழமை ஒச்சம்மாவுக்கு. ஊரில் அதைப் பற்றி எழுந்த ஒரே சண்டை, சனிக்கிழமை வீட்டுக்காரி தன் காட்டில் மட்டும் பனி கொஞ்சம் தாமதமாக விழுகிறது என்று மண்ணை வாரித் தூற்றியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் செய்த முதல் தப்பு அங்கேதான். புதுவீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு அந்த வீட்டு வாசலுக்கு ஊர்த்தண்ணீரைத் திருப்பிவிடுவது தவசிமேட்டு வழக்கம். அந்த விடுதியை ஊர்க்காரர்கள் பனிமகால் என்றுதான் சொல்வார்கள். அவன் பால் காய்ச்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நூற்றிருபது அறை உள்ள கட்டடத்துக்கு எதற்கடா நம் தண்ணீர் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்று ஆறு வீட்டுக்காரர்களும் மண்வெட்டியோடு போய், வெட்கப்பட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வாய்க்காலை அவன் வாசலுக்குத் திருப்பிவிட்டு, அவன் கொடுத்த ஆளுக்கொரு லட்டைத் தின்றுவிட்டு வந்தார்கள். அன்றைக்கே அவன் முறைகாரன் ஆகிவிட்டான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பனி பனிமகாலின் சரிவில் விழுந்தது. முறைகாரனுக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவுக்கும் விழும். அவனுக்கு ஒரு மலைச்சரிவே இருந்தது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் காலுக்கு நீள நீளமான சறுக்குக் கட்டையும் மாட்டிக்கொண்டு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனங்கள் காரில் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சறுக்கினார்கள், விழுந்தார்கள், விழுந்ததைப் படம் எடுத்தார்கள். திங்கட்கிழமை விடிந்தால் சரிவு பச்சைப்பசேல் என்று கிடக்கும், மேனேஜர் தினகருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அவர் மற்ற நாட்களின் முறையையும் எழுதிக் கேட்டார். பணத்துக்கு ஆசைப்பட்டு முத்திரைத்தாளில் ஊர் கையெழுத்துப் போட்டது. பனிக்குப் படிக்கத் தெரியாது. அது திங்கட்கிழமையைச் சடையாண்டி காட்டிலேயே கொட்டிவிட்டுப் போனது.

அந்த நேரம் பார்த்து வெள்ளிக்கிழமை வீட்டு மொக்கையன் காய்ச்சலில் செத்துப்போனார். சாவு விழுந்த வீடு பதினாறு நாளைக்குத் தண்ணீரைத் தொடக்கூடாது. அந்த வீட்டு முறை, வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வீட்டுக்குப் போகும், பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் திரும்பி வரும். முன்னே தலைப்பு வீடு சடையாண்டியுடையது. இப்போது அதற்கும் மேலே பனிமகால் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சரிவெல்லாம் பனி. தினகர் மாடத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சடையாண்டியைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, ஒரு வீட்ல சாவுன்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"இதென்ன கேள்வி சார். வாசல்ல பொம்பளைங்க கூடிப் பேரச் சொல்லி ஒப்பாரி வச்சா சாவுதான்."

"அவ்வளவுதானா? டாக்டர் வரணும், சர்ட்டிபிகேட் வரணும், அதெல்லாம் இல்லையே?"

"தண்ணிக்கு எதுக்கு சார் சர்ட்டிபிகேட்டு?" என்று சொல்லிவிட்டு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது புரியாமல் சடையாண்டி இன்னொரு காபி வாங்கிக் குடித்தார்.

நாலு நாளில் புரிந்தது. சடையாண்டிக்குப் பனிமகாலின் வாசலில் காவல் வேலை, சிவப்புக் கம்பளிக் கோட்டு. அவர் வீட்டோடு வந்து தங்கியிருந்த மாமனார் திங்கட்கிழமை காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே, இறந்துபோனவராக அறிவிக்கப்பட்டார். வாசலில் பொம்பளைகள் கூடி அழ, உள்ளேயிருந்து அவர் "கொஞ்சம் உப்புக் குடுங்கத்தா" என்று கேட்டதாகச் சொல்வார்கள். பனி ஒப்பாரியைத்தான் கேட்டது. திங்கட்கிழமை மேலே போயிற்று.

பிறகு போட்டிதான். காமாட்சி, வீட்டில் சாகடிக்க வேறு ஆள் இல்லாததால், தன்னையே சாகடித்துக்கொண்டு, கடையில் ஒரு சாக்குப்படுதாவைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி டீ கொடுத்தான். புதன்கிழமை வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். எந்த மருமகளின் புருசன் சாவது என்று மருமகள்களுக்குள் அடிதடி, ஏனென்றால் சாகிறவன் வீட்டுக்குத்தான் மெத்தை விரிக்கிற வேலை. சனிக்கிழமை வீட்டார் ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகளைச் செத்தவளாகச் சொன்னார்கள், தூரத்தில்தானே இருக்கிறாள் என்று. அந்தப் பெண் யார் மூலமோ கேள்விப்பட்டு, வயிற்றில் ஏழுமாதப் பிள்ளையோடு பஸ் ஏறி வந்து, தன் பேரைச் சொல்லித் தன் அம்மாவே மாரடித்துக்கொண்டிருந்ததைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள். அதற்கும் ஊர் வெட்கப்படவில்லை. மானத்தை விற்றவர்களுக்கு வெட்கம் மட்டும் எங்கிருந்து வரும்? பதினாறு நாள் முடிந்தால் அடுத்த ஆளைச் சாகடித்தார்கள். கம்பளிக் கோட்டுப் போட்ட ஊர், செத்தவர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடித்தது.

ஒச்சம்மா மட்டும் மாட்டேன் என்றாள்.

அவளிடம் இருந்தது முப்பது சென்ட் பூண்டுக்காடும் ஒரு புருசனும். புருசன் சிவனாண்டி ஏழு வருசத்துக்கு முன்னால் போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போனவன். முதல் வருசம் மாதம் தவறாமல் போன் வந்தது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. கடைசியாகப் பேசி மூன்று வருசம் ஆகிறது. "இங்க பாறையா இருக்கு ஒச்சு, எறங்க மாட்டேங்குது" என்று சொன்னபோது லைன் அறுந்தது. அதற்குப் பின்னாலும் அவள் நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தாள். ஊர் பின்னால் சிரித்தது. இப்போது அந்த ஊரே முன்னால் வந்து நின்றது.

சடையாண்டி சிவனாண்டிக்குச் சித்தப்பா மகன், ஒச்சம்மாவுக்குக் கொழுந்தன். தினகரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கே வந்தார்.

"மதினி, மத்த வீட்டுலயெல்லாம் உசுரோட இருக்குற ஆளுகளச் சொல்ல வேண்டியிருக்கு. ஒங்களுக்கு அந்தப் பாவமும் இல்ல. அண்ணன் இருந்தா இத்தன வருசம் ஒரு போனு போட்டிருக்க மாட்டாரா?"

"கொழுந்தனாரே, ஒங்க அண்ணன் செத்தா எனக்குத் தெரியும். ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

தினகர் குறுக்கே வந்தார். "அம்மா, வாரத்துல ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை மட்டும் ஸ்லோப் காலியா கெடக்குது. கெஸ்ட்டுங்க எவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்க. பூண்டு என்னம்மா, வருஷா வருஷம் வர்றதுதானே."

"என் புருசன் வருசா வருசம் வருவாரா சார்?"

"நாங்க சும்மா பேருக்குத்தான் சொல்றோம்..."

"பேருக்குத்தான் சார் பொட்டு வச்சிருக்கேன். அந்தப் பேர எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு? வரப்ப விட்டு எறங்குங்க. குருத்து நசுங்குது."

வியாழக்கிழமைகளில் பனிமகாலின் விருந்தாளிகளுக்குப் பொழுது போகாது. ஊரிலேயே பனி கிடக்கிற இடம் ஒச்சம்மாவின் முப்பது சென்ட்தான் என்று தெரிந்துகொண்டு, சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மூன்றடி சறுக்கி, பாத்தியில் தொப்பென்று விழுந்து, மூக்கைச் சுளித்து, "ஏதோ பிரியாணி ஸ்மெல் வருதே" என்றாள். ஒச்சம்மா மண்வெட்டிக் காம்பால் அவளைத் தூக்கிவிட்டு, அதே காம்பைக் குறுக்கே பிடித்து எல்லாரையும் சாலை வரைக்கும் ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு ஒத்தாசைக்கு வந்தது ஊர்க்காரன் யாரும் இல்லை, சுக்லால்தான். ஜார்க்கண்ட் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயசு இருக்கும். பனிமகாலின் சரிவில் பனியைப் பலகையால் நிரவிக் கொடிக்கம்பு நடுகிற வேலை அவனுக்கு. வியாழக்கிழமை சரிவில் பனி இல்லாததால் அவனுக்கு வேலை இல்லை. பூண்டு வாங்க ஒருநாள் வந்தவன், அவள் தனியாகப் பனியை ஓரம் கட்டுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கி வேலை செய்தான். அதிலிருந்து வாராவாரம் வந்தான். குளிரில் அவன் கைவிரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. அவள் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். அவனும் அவளுடைய புருசனைப் பற்றி ஒருநாள் கேட்டான். சொன்னாள்.

"நானும் வீட்டுக்கு போன் பண்ணி நாலு மாசம் அக்கா. போன் ஒடஞ்சுபோச்சு. அவங்களும் நெனப்பாங்க, நான் செத்தான்." களியை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "ஆள் தூரமா இருக்கான். தூரமா இருந்தா செத்தது இல்லே அக்கா."

ஏழு வருசத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

போகும்போது சரிவைக் காட்டி அவன் இன்னொன்றும் சொன்னான். வாரத்தில் ஒருநாள் பனி நின்று வெயிலில் உருகி வடிவதால்தான் சரிவில் பனி பாரம் ஏறாமல் இருக்கிறது. "வியாழக்கிழமை காயலேன்னா நிக்காது அக்கா. எறங்கிடும். மேனேஜர்கிட்ட சொன்னேன். உன் வேலையைப் பாருன்னார்."

மார்கழிக் கடைசியில், பொங்கல் லீவுக்கு அறைகளெல்லாம் நிரம்பியபோது, ஊர் அவளைக் கேட்காமலே செய்துவிட்டது. பங்காளி வீட்டுப் பொம்பளைகளுக்கு ஒப்பாரி வைக்க உரிமை உண்டு. ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒச்சம்மா கீழே சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சடையாண்டியின் பெண்சாதி தலைமையில் ஐந்து பேர், ஐந்து பேரும் சிவப்புக் கோட்டோடு, அவளுடைய பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்து சிவனாண்டி பேரைச் சொல்லி அழுதுவிட்டு, கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒச்சம்மா திரும்பி வந்தபோது வாசலில் நாலு பூ மட்டும் கிடந்தது. மறுநாள் வியாழக்கிழமை. அவள் காட்டில் வெயில் அடித்தது. மேலே சரிவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் போய்க் கேட்காமல் இருக்கவில்லை. கேட்டாள். "தாலி கட்டிக்கிட்ட நான் இருக்கேன், எனக்குத் தெரியாம எம்புருசன நீ எப்படிடீ கொன்ன?" என்று சடையாண்டியின் பெண்சாதியைத் தெருவில் வைத்துக் கேட்டாள். "பதினாறு நாளுதானக்கா, பொறுத்துக்கயேன்" என்றாள் அவள். பதினாறு நாள் தண்ணீர் இல்லையென்றால், பருக்கத் தொடங்கிய பூண்டு பல்லுப் பிடிக்காமல் சருகாகும். பதினாறு நாள் கழிந்து அடுத்த ஆளைக் கேட்பார்கள். ஒச்சம்மா வீட்டில் அடுத்த ஆள் ஒச்சம்மாதான். குடத்தில் தூக்கிப் பாய்ச்சலாம் என்று பார்த்தால், ஊர்க்குழாயில் அவள் குடத்தை வைத்ததும் தண்ணீர் நின்றது, எடுத்ததும் வந்தது. தீட்டு வீடாம். மற்ற தீட்டு வீடுகளுக்குப் பனிமகாலிலிருந்து குடம் குடமாக வந்தது. பொய்யைச் சொன்னவர்களுக்குக் கம்பளிக்கோட்டு, சொல்லாதவளுக்குத் தாகம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஏழு நாளும் விடாமல் பனிமகாலில் பனி பெய்தது. அடுத்த திங்கட்கிழமை விடிகாலை, விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன்னே கொடிக்கம்பு நடச் சரிவில் ஏறிய சுக்லாலின் மேலே மொத்தப் பனியும் இறங்கியது.

ஊருக்கு அது தெரியாது. தெரியவிடவில்லை. தோண்டி எடுத்தார்கள், காய்கறி கொண்டுவருகிற வேனில் கோணிச்சாக்குகளுக்கு அடியில் வைத்துக் காலைச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மலையிறக்கினார்கள், சரிவைச் சமமாக நிரவினார்கள், எட்டரை மணிக்கு அதன்மேல் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுக்லால் லீவில் போயிருக்கிறான் என்று காண்ட்ராக்டரின் பேரேட்டில் எழுதியாயிற்று. கூட வேலை பார்த்த மங்கள் என்பவன்தான் புதன்கிழமை சாயங்காலம் ஒச்சம்மா வீட்டுக்கு வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, நடந்ததைச் சொன்னான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. சொன்னா எங்களையும் அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, அழாமல் போனான்.

ஒச்சம்மா மேலே சரிவைப் பார்த்தாள். தன்னுடைய வியாழக்கிழமையைப் பிடுங்கித்தான் அவன் தலையில் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கெல்லாம் வாசல் வாசலாக ஒப்பாரி. செத்தவனுக்கு லீவு!

வியாழக்கிழமை காலையில் குளித்தாள், அதாவது குடத்தடியில் மிச்சம் கிடந்த ஒரு செம்புத் தண்ணீரால் முகம் கழுவினாள். பொட்டை அகலமாக வைத்துக்கொண்டாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பனிமகாலுக்கு நடந்தாள். வாசலில் சடையாண்டி மறித்தார்.

"மதினி, இப்பிடித் தலைய விரிச்சுப் போட்டு எங்க போறீக?"

"சாவு வீட்டுக்கு."

"யாரு வீட்டுல சாவு?"

"நீங்க சல்யூட் அடிக்கிற வீட்டுல."

அவர் விலகினாரா, அவள் தள்ளினாளா தெரியாது. கார்கள் வந்து நிற்கிற முகப்பில், பளிங்குத் தரையில், நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே விருந்தாளிகள் இட்லியும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள். தினகர் ஓடிவந்தார்.

"அம்மா, எந்திரிங்க. எது இருந்தாலும் ஆபீஸ்ல பேசலாம்."

"சுக்லால் எங்க சார்?"

தினகர் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் எங்க ஆளே இல்லம்மா. காண்ட்ராக்ட் லேபர். எங்க ரெஜிஸ்டர்லயே அவர் பேர் கெடையாது" என்றார்.

"ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னானா இல்லையா? ஒங்க கூரைக்குக் கீழ படுத்தானா இல்லையா? அப்ப ஒங்க வீட்டு ஆளுதான். எங்க ஊரு தண்ணிக்கு அவ்வளவுதான் சார் ரெஜிஸ்டரு."

சொல்லிவிட்டு மாரில் அறைந்துகொண்டு எடுத்தாள் ஒப்பாரியை. அவனுடைய அம்மா பேர் அவளுக்குத் தெரியாது, ஊர்ப்பேர் வாயில் நுழையாது. தெரிந்ததை வைத்துப் பாடினாள்.

"சீம கடந்து வந்தவனே சுக்லாலே என் தம்பி
சிரிச்ச வாய மூடலையே ஒறபனியில் போனாயே
வெடிச்ச வெரலுக்கு எண்ணெ வச்சேன் ஆறலையே
வெள்ளப் பனியே கோடியாச்சே, வேறொருத்தர் போத்தலையே
பொய்யாச் செத்த ஆறு பேருக்கு வாசலெல்லாம் ஒப்பாரி
மெய்யாச் செத்த என் தம்பிக்கு ஒத்த வாசல் இல்லையே"

தினகர் காவல்காரர்களைக் கூப்பிட்டார். காவல்காரர்கள் எல்லாரும் தவசிமேட்டுக்காரர்கள். சாவுக்கு அழுகிறவளைத் தொட்டுத் தூக்க அவர்களுக்குக் கை வரவில்லை, கம்பளிக் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள். அவ்வளவு ஈரமாவது மிச்சம் இருந்ததே.

மூன்றாம் தரம் சுக்லால் பேரை அவள் சொன்னபோது பனி நின்றது. பாதிச் சரிவில் வந்துகொண்டிருந்த ஒருவர் பச்சைப் புல்லில் கட்டையோடு குத்தி நின்றார். விடுதிக்குள்ளே நூற்றிருபது அறைக் குழாய்களும் இருமிவிட்டு அடங்கின. வாய் நிறையப் பற்பசை நுரையோடும் தலை நிறையச் சோப்போடும் மாடங்களில் சனங்கள் வந்து நின்று கத்தினார்கள். சாவு வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, அது எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும். சரிவில் இத்தனை நாளும் சேர்ந்து கிடந்த பனி, ஆறு வீட்டுப் பனி, ஒரே மூச்சில் இளகி, விடுதிக்காரன் போட்ட மறிப்பை உடைத்துக்கொண்டு, பழைய வாய்க்கால் தடத்தில் ஊரைப் பார்த்து ஓடியது.

ஊர் அதன் பின்னால் ஓடியது. கோட்டுகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். ஓடிவந்து, அவரவர் மடைவாயில் மண்வெட்டியோடு நின்று, அப்படியே நின்றுவிட்டார்கள். ஆறு வீடும் தீட்டு வீடு. அவர்கள் வாயாலேயே சொன்னது. மொக்கையன் வீட்டுக்காரர்கள்கூட, அவருடைய பதினாறு முடிந்த மறுவாரமே இன்னொருவரைச் சொல்லியிருந்தார்கள். தொட்டால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும், பரம்பரைக்கும் திரும்பாது. தங்கள் தண்ணீர் தங்கள் மடையைத் தாண்டித் தாண்டிப் பள்ளத்துக்குப் போவதைச் செத்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒச்சம்மா கடைசியாக வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே தன் மடைக்குப் போனாள்.

"மதினி, தொடாதீக!" என்று சடையாண்டி கத்தினார். "ஒங்க வீடும் தீட்டு வீடு. ஊருத் தண்ணியே போயிரும்!"

"யாரு செத்தா எங்க வீட்டுல?"

அவர் தன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பேரை இப்போது அவரால் சொல்ல முடியவில்லை.

புருசன் பேரைப் பெண்சாதி சொல்லுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால்கூட, பக்கத்தில் நிற்கிறவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வார்கள். ஒச்சம்மா கல்யாணமான பத்தொன்பது வருசத்தில் முதல்தரமாக, கட்டிய தொண்டையால், தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "சிவனாண்டி இருக்காரு. தூரமா இருக்காரு. இருக்காரு!"

மண்வெட்டியைப் போட்டாள். தண்ணீர் ஒருகணம் மடைவாயில் சுழித்தது. பிறகு திரும்பி, பாத்திக்குள் நுழைந்து, வாடிக் கிடந்த குருத்துக்களின் காலடியில் நுரையோடு ஓடியது. ஒச்சம்மா ஈரமண்ணில் உட்கார்ந்து, புருசன் போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அதைப் பார்த்ததும் ஊர் விடுமா? "ஏ மாமா, இருக்கீகளா?" என்று சடையாண்டி தன் வீட்டைப் பார்த்துக் கூவினார். "இருக்கேன்டா, இருக்கேன்!" என்று மாமனார் கோவணத்தோடு ஓடிவந்தார். காமாட்சி தன் பேரைத் தானே கூப்பிட்டுத் தானே "ஓய்" என்றான். புதன்கிழமை வீட்டு அண்ணனும் தம்பியும் மாறி மாறிக் கத்தினார்கள். சனிக்கிழமை வீட்டுக்காரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மாடி, ஒரே ஒரு தரம் இருக்கேன்னு சொல்லுத்தா, காலுல விழுறேன்" என்று கெஞ்சினாள்; அந்தப் பெண், "இருக்கேன், ஒங்களுக்கு இல்ல" என்று வைத்துவிட்டாள். அதுவும் பதில்தான். ஒவ்வொரு மடையாகத் தண்ணீர் திரும்பியது. வரப்பெல்லாம் சிரிப்பும் கும்மாளமும், செத்தவர்கள் எல்லாரும் எழுந்துவந்த திருவிழா மாதிரி இருந்தது.

ஒச்சம்மா எழுந்தாள். சேலையில் அப்பியிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. மேலே, மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, கைகள் இரண்டையும் வாயில் குவித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சுக்லாலே!"

ஊர் சிரிப்பை நிறுத்தியது. சடையாண்டி தலை குனிந்தார். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள், இன்னும் ஒரு தரம் கூப்பிட்டாள். அத்தனை மடையிலும் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், அவள் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஓடாமல் நின்றது. மலையிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வரவில்லை.